சொந்தப் பெயரில் ஒரு வழக்கு

பேச வந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் என்று சட்டமன்றக் குழுவின் தலைவர் முதலிலேயே சொல்லிவிட்டார். வெர்னா ஸ்ட்ரௌட் அதற்காகத்தான் விடியும் முன்பே கிளம்பி, கோதுமை வயல்களையும் காற்றாலைகளையும் தாண்டி, மாநிலத் தலைநகர் வரை தனியாக வண்டி ஓட்டி வந்திருந்தாள். மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்த உறுப்பினர்களில் ஒருவன் அவளுடைய அண்ணன் க்ரேடி.

மசோதா சிறியதுதான். பதினெட்டு வயது நிரம்பாத யாருக்கும் பாலினம் மாறுவதற்கான மருந்து கொடுக்கவோ அறுவை செய்யவோ கூடாது. செய்கிற டாக்டரின் உரிமம் போய்விடும். வெர்னா தன் பெயரையும் ஊரையும் சொன்னாள். மாட்டுத் தீவனக் கடை நடத்துவதாகச் சொன்னாள். இந்த மேடையில் இருப்பவர்களின் கட்சிக்குத்தான் வாழ்நாள் முழுக்க ஓட்டுப் போட்டிருப்பதாகச் சொன்னாள். அப்புறம், நீங்கள் பேசுகிற பிள்ளைகளில் ஒருவன் என் மகன் வெஸ் என்று ஆரம்பித்தபோது மைக் அணைந்துவிட்டது. மைக் இல்லாமலேயே பேசினாள். தலைவர் சுத்தியலைத் தட்டினார். காவலர் ஒருவர் சங்கடத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். க்ரேடி முன்னால் இருந்த காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

வெளியே நடைபாதையில் அவனைப் பிடித்தாள்.

"தலையைத் தூக்கிக்கூடப் பாக்கலியே நீ."

"பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பேன், வெர்னா? உன் வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்கணும்னு எனக்கு ஆசையா? நான் இந்த மாநிலத்துல இருக்கிற எல்லாப் பிள்ளைங்களுக்கும் சேத்து யோசிக்க வேண்டியிருக்கு. பதினஞ்சு வயசுல நீ குதிரை அடக்கற அந்த ரோடியோக்காரனைத்தான் கட்டிக்குவேன்னு ஒத்தக் கால்ல நின்னியே, ஞாபகம் இருக்கா?"

"அந்த ரோடியோக்காரன் ஒரு கோடைக்காலத்தோட போயிட்டான். வெஸ்ஸுக்கு இது நாலு வயசுலேர்ந்து இருக்கு. உன் பழைய பூட்ஸைப் போட்டுக்கிட்டு அவன் முற்றத்துல நடந்தப்போ கை தட்டிச் சிரிச்சது நீதான்."

"சிரிச்சேன். அதுக்கு மருந்து குடுக்கணும்னு அன்னைக்கு யாரும் சொல்லல."

அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் வெர்னாவுக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் நிஜமாகவே பயந்துபோயிருந்தான். அவளுக்குத் தெரிந்த க்ரேடி, பயம் வந்தால் கதவைத் தாழ்போடுகிறவன். சின்ன வயதில் புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் ஓடிப்போய் நிலவறைக் கதவைப் பூட்டுவான். யாராவது வெளியே நிற்கிறார்களா என்று பார்க்கமாட்டான்.

"அப்போ கோர்ட்ல பாத்துக்கலாம்" என்றாள். கோபத்தில் சொல்வதாக அவன் நினைத்துக்கொண்டான்.

வெஸ் பெண் குழந்தையாகப் பிறந்தவன்; அப்போது வைத்த பெயர் வேறு. பன்னிரண்டு வயதில் ஒரு நாள், கடையில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே, தான் பையன்தான் என்ற விஷயத்தைச் சொல்லிவிட்டான். வெர்னாவுக்கு உடனே ஏற்றுக்கொள்ள முடிந்தது என்று சொல்ல முடியாது. கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும் என்று காத்திருந்தாள். அவனோ பள்ளிக்கூடத்தில் பேசுவதை நிறுத்தினான். நடுக்கோடையிலும் தடித்த சட்டைக்குள் ஒளிந்துகொண்டான். குளிக்கும்போது விளக்கை அணைத்துவிட்டுக் குளித்தான். அதன் பிறகுதான் மனநல ஆலோசகர், அதற்கும் ரொம்ப நாள் கழித்து டாக்டர் லிண்ட்க்விஸ்ட்.

அந்த அம்மாள் அவசரப்படுகிறவர் அல்ல. ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்பார். பூப்படைதலைத் தள்ளிப்போடும் ஊசி போடுவதற்கு முன்னால் எலும்பு வலுவைச் சோதித்தார். பின்னாளில் பிள்ளை பெறுவது பற்றி, கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பையனிடமே நேராகப் பேசினார். ஊசி போட ஆரம்பித்த வருடம் வெஸ் மறுபடியும் சாப்பாட்டு மேசையில் ஜோக் அடிக்க ஆரம்பித்தான்.

அவன் அப்பா டேல் அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். அவருக்கு இது பழக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. வாயில் பழைய பெயர்தான் வரும். வந்ததும் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். பிறகு மாவட்டக் கண்காட்சியில், வெஸ் தான் வளர்த்த கன்றைக் காட்டப் பதிவு செய்யும் இடத்தில், மேசையில் இருந்தவர் பழைய பெயரை எழுதப் போனபோது டேல்தான் குனிந்து, "வெஸ்னு எழுதுங்க. வெஸ் ஸ்ட்ரௌட். என் பையன்" என்றார். பின்னால் வரிசையில் ஊரே நின்றுகொண்டிருந்தது. அதற்கப்புறம் அவர் வாயில் பழைய பெயர் வரவில்லை.

மசோதா பெரிய வாக்கு வித்தியாசத்தில் சட்டமாயிற்று. க்ரேடி ஆதரித்து ஓட்டுப் போட்டான். அந்தக் கோடையிலேயே குடிமை உரிமை வழக்குகள் நடத்தும் ஒரு சங்கத்திலிருந்து நவோமி பெக்ஃபோர்ட் என்ற வக்கீல் ஊருக்கு வந்தாள். குட்டையான, வேகமாகப் பேசுகிற பெண். சமையலறையில் உட்கார்ந்து, வழக்கில் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம், நீதிமன்றம் அனுமதிக்கும், பெரும்பாலான குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன என்று விளக்கினாள்.

வெர்னா மகனைப் பார்த்தாள்.

"எனக்கு இதுல கையெழுத்துப் போடற வயசு இல்ல. ஆனா கேட்டா சொல்வேன்" என்றான் வெஸ். "இந்த ஊர்ல யாருக்கும்மா தெரியாது? போஸ்ட்மேனுக்குத் தெரியும். பாதிரியாருக்குத் தெரியும். மாமாவுக்கு ஓட்டுப் போடறவங்களுக்கெல்லாம் தெரியும். பேரை மறைச்சா நாம ஏதோ தப்பு பண்ணின மாதிரி இருக்கும்."

"உன்னைப் பத்திக் கண்டதையும் எழுதுவாங்கடா."

"இப்பவே எழுதறாங்க. எழுத்துப் பிழையோட எழுதறாங்க, அதான் தாங்கல."

டேல் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

பத்திரிகையில் பெயர் வந்த வாரம் கடையில் கூட்டம் குறைந்தது. சிலர் பக்கத்து ஊருக்குப் போய்த் தீவனம் வாங்கினார்கள். தேவாலயத்தில் அவர்கள் உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் உட்காரவில்லை. பாதிரியார் வீட்டுக்கு வந்து, உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றார். எதற்காக என்று வெர்னா கேட்டபோது அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. எர்ல் என்ற பண்ணைக்காரர் மட்டும் வழக்கம்போல வந்து, நாலு பேர் காதில் விழட்டும் என்றே பேசினார்.

"ஏன் வெர்னா, உங்க கொட்டில்ல கிடாரியெல்லாம் காளையாகுதாமே?"

வெர்னா மூட்டையை அவர் வண்டியில் தூக்கிப் போட்டாள். "உங்க வீட்டுக் கழுதை இன்னும் மனுஷனாகலியே எர்ல். அதுக்கு என்ன தீவனம் போடறதுன்னு யோசிச்சுட்டு வாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எர்லும் சிரித்துவிட்டார். ஆனால் அன்று மாலை கடையைப் பூட்டும்போது வெர்னா பூட்டை இரண்டு முறை தவறவிட்டாள்.

விசாரணை இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில், தலைநகரில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்தது. சட்டமன்றத்தில் கிடைக்காத நேரமெல்லாம் இங்கே கிடைத்தது. நவோமி கேட்கக் கேட்க வெர்னா எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு அரசுத் தரப்பு வக்கீல் ஹென்லி எழுந்தார். நரைத்த மீசை, மரியாதையான பேச்சு. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும் என்று வெர்னாவுக்குத் தோன்றியது.

"மேடம், இந்த மருந்துகளோட நீண்ட கால விளைவு பத்தி டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"தெரிஞ்சதைச் சொன்னாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னாங்க. சில விஷயத்துக்கு இன்னும் போதுமான ஆராய்ச்சி இல்லன்னாங்க."

"அப்படிச் சொன்ன பிறகும் கையெழுத்துப் போட்டீங்க."

"ஆமா."

"உங்க மகளுக்கு முப்பது வயசாகும்போது, 'ஏம்மா என்னைத் தடுக்கல'ன்னு வந்து கேட்டா?"

"மகன்" என்றாள் வெர்னா. ஹென்லி லேசாகத் தலையசைத்தார். மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. நவோமி தவிப்போடு பார்த்தாள். இந்தக் கேள்வி வரும் என்று ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஒத்திகையில் சொன்ன பதில் இப்போது வாயில் வரவில்லை.

"கேக்கலாம், ஐயா. 'ஏம்மா தடுத்தே'ன்னும் கேக்கலாம். ரெண்டுல எது வரும்னு எனக்குத் தெரியாது. ஆனா எது வந்தாலும் அவன் வந்து தட்டப்போறது என் வீட்டுக் கதவைத்தான். சட்டசபைக் கதவை இல்ல, உங்க ஆபீஸ் கதவையும் இல்ல. உக்காந்து பதில் சொல்லப்போறது நானும் அவங்கப்பாவும். பதில் சொல்ல வேண்டியவங்க முடிவெடுக்கட்டும்னுதான் கேக்கறேன்."

நீதிபதி ஆஸ்டர்மன் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். ஹென்லி வேறு கேள்விக்குப் போய்விட்டார்.

இடைவேளையில் வெர்னா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாண்ட்விச்சைப் பிரித்தாள். எதிரே குளிர்பான இயந்திரத்தின் முன் இளம்பெண் ஒருத்தி நின்றிருந்தாள். டெஸ்ஸா என்று பெயர். அரசுத் தரப்புச் சாட்சிகளில் ஒருத்தி. பதினாறு வயதில் ஆண் ஹார்மோன் எடுத்து, பதினேழில் மார்பை அகற்றி, இருபத்தொன்றில் இது தன் வழி இல்லை என்று திரும்பி வந்தவள். காலையில் சாட்சிக் கூண்டில் அதைச் சொல்லும்போது அவள் குரல் ஆண்குரல் போலக் கரகரத்தது. திரும்பி வந்த பிறகும் குரல் திரும்பி வராது என்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டெஸ்ஸாதான் முதலில் கண்ணைத் தாழ்த்தினாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் வெர்னா.

அந்தப் பெண் தலையை இல்லையென்று ஆட்டினாள். வெர்னா பாதி சாண்ட்விச்சை நீட்டினாள். தயங்கித் தயங்கி வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். தூரத்தில் நவோமி இதைப் பார்த்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"நான் உங்க பையனுக்கு எதிரி இல்ல" என்றாள் டெஸ்ஸா. "எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது. அவ்வளவுதான். என்னை ஒருத்தரும் ரெண்டாவது கேள்வி கேக்கல. மூணே சந்திப்பு, எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"எங்க டாக்டர் கேட்ட கேள்வியில பாதி உன்கிட்ட கேட்டிருந்தா..."

"இருக்கலாம். ஆனா எல்லா ஊர்லயும் உங்க டாக்டர் இல்லியே."

"அதுக்கு நல்ல டாக்டர் வேணும்மா. இந்தச் சட்டம் இருக்கிற ஒருத்தரையும் எடுத்துடுது."

டெஸ்ஸா நிதானமாக மென்றாள். "உங்களுக்கு அப்படித் தெரியுது. எனக்கு, யாராவது நிறுத்தியிருக்கலாமேன்னுதான் தெரியுது. ரெண்டு பேருமே பொய் சொல்லலன்னு நினைக்கிறேன்." கொஞ்சம் கழித்து, "இப்ப எனக்குப் பாக்கறதுக்கே டாக்டர் கிடைக்கல. ஒரு பக்கம் என்னை மேடையில ஏத்தறாங்க, இன்னொரு பக்கம் வாயை மூடுங்கறாங்க. சாப்பிட்டியான்னு யாரும் கேக்கல" என்றாள்.

வெர்னா டாக்டர் லிண்ட்க்விஸ்ட்டின் பெயரைச் சொல்லி, போய்ப் பார், உன்னையும் பார்ப்பார் என்றாள். கதவு திறந்து உள்ளே கூப்பிட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை, தங்கியிருந்த விடுதியில் வெஸ் தனக்குச் சுட்ட வாஃபிள் அப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெர்னா இரவெல்லாம் சரியாகத் தூங்கவில்லை. பையனிடம் டெஸ்ஸாவைப் பற்றிச் சொன்னாள். எதையும் மறைக்காமல் சொன்னாள், குரலைப் பற்றியும்.

"அவங்க நல்லா இருக்காங்களா?" என்பதுதான் வெஸ் கேட்ட முதல் கேள்வி.

"தெரியலடா. தைரியமான பொண்ணு." வெர்னா மேசை விரிப்பை நீவினாள். "வெஸ், உனக்கு எப்பவாவது மனசு மாறினா, இவ்வளவு தூரம் அம்மா சண்டை போட்டாளே, பேப்பர்ல எல்லாம் பேரு வந்துடுச்சேன்னு பயந்து உள்ளேயே வச்சுக்கக் கூடாது. கேஸாவது மண்ணாவது. எங்கிட்ட வந்து சொல்லணும்."

வெஸ் முள்கரண்டியை வைத்துவிட்டான். அவன் விளையாட்டாகப் பதில் சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"நானே என்னைத் தினமும் கேட்டுப் பாக்கறேம்மா. நீங்க எல்லாரும் கேக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடறேன். ஒவ்வொரு தடவையும் நானாத்தான் இருக்கேன். மாறினா முதல்ல உன்கிட்டதான் வருவேன். ஆனா மாறுவேனோன்னு வாசல்லயே காத்துக்கிட்டு உக்காந்திருக்காத. அது எனக்குக் கஷ்டமா இருக்கு."

"உக்காரல" என்றாள் வெர்னா. பிறகு, உண்மையைச் சொல்ல வேண்டுமே என்று, "இனிமே உக்காரல" என்றாள்.

சில வாரங்களில் நீதிபதி ஆஸ்டர்மன், வழக்கு முடியும் வரை சட்டத்தை நிறுத்திவைத்துத் தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு டேல் கடைக்கே வந்து, வாடிக்கையாளர் முன்னால் வெர்னாவைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். அப்படியொரு காரியத்தை அவர் கல்யாணத்தன்றுகூடச் செய்ததில்லை. சந்தோஷம் அடுத்த பனி விழும் வரைதான் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள். இருவர் அரசுப் பக்கம், ஒருவர் இவர்கள் பக்கம். இது மருத்துவத்தில் இன்னும் தீராத விவாதம், தீர்மானிக்க வேண்டியது சட்டமன்றம், நீதிமன்றம் அல்ல என்று இருவரும் எழுதியிருந்தார்கள். நிறுத்தி வைத்தது ரத்து. சட்டம் மறுநாளே அமலுக்கு வந்தது.

டாக்டர் லிண்ட்க்விஸ்ட் தொலைபேசியில் கூப்பிட்டு, அடுத்த ஊசியை என்னால் போட முடியாது என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னபோது, மன்னிப்பு கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லை என்று வெர்னா சொல்ல வேண்டியிருந்தது. மேற்கே எல்லையைத் தாண்டிய மாநிலத்தில் ஒரு மருத்துவமனை இருக்கிறது, குறிப்புகளையெல்லாம் அனுப்பி வைக்கிறேன் என்றார் அவர். பகல் முழுக்க வண்டி ஓட்டினால்தான் போய்ச் சேர முடியும்.

நவோமியும் கூப்பிட்டாள். மேலே போகலாம், வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்றம் வரை போகலாம், ஆனால் வருடக்கணக்கில் ஆகும், ஜெயிப்போம் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள். வெஸ்ஸுக்கு அதற்குள் பதினெட்டு ஆகிவிடலாம். இந்த வழக்கால் அவனுக்கே பலன் இல்லாமல் போகலாம் என்பதையும் சொன்னாள்.

"அவனுக்குப் பின்னாடி வர்றவங்களுக்கு ஆகும்ல?" என்றாள் வெர்னா. "போடுங்க."

மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, க்ரேடியின் வண்டி வாசலில் வந்து நின்றது. தீர்ப்பு வந்ததிலிருந்து அவன் வரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். வெர்னா அவனை உட்காரச் சொல்லவில்லை. வெஸ்ஸைக் கூப்பிட்டு, உன் மாமா வந்திருக்கிறான், கேட்க வேண்டியதைக் கேள் என்றாள்.

வெஸ் மாடிப்படியில் கடைசிப் படியிலேயே நின்றான். "மாமா, ஓட்டுப் போடறப்போ என்னை நினைச்சீங்களா?"

க்ரேடி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நினைச்சேன். உன்னைத்தான் நினைச்சேன். தூக்கம் வரல. அப்படியும் போட்டேன். நீ அவசரப்பட்டுட்டா அப்புறம் திரும்ப வழி இல்லையேங்கற பயம்தான். இன்னைக்குக் கேட்டாலும் அப்படித்தான் போடுவேன்."

"சரி" என்றான் வெஸ். "எனக்கு உங்க மேல கோவம் இருக்கு. ரொம்ப நாளைக்கு இருக்கும். ஆனா நீங்க பொய் சொல்லல." சொல்லிவிட்டு மேலே போய்விட்டான்.

க்ரேடியின் கண் கலங்கியிருந்ததை வெர்னா பார்த்தாள். இரக்கம் வந்தது, அதைச் சொல்லவில்லை. நாளைக்கு நாங்கள் மூன்று பேரும் போகிறோம், திரும்ப இரண்டு நாளாகும், தொட்டித் தண்ணீர் உறைந்துபோகும், மாடுகளை யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றான் க்ரேடி.

"இதைச் செஞ்சா அது சரியாயிடாது."

"தெரியும். மாடு என்ன பாவம் பண்ணிச்சு" என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் பனிக்காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வந்தது. டேல் ஓட்டினார். எல்லையைத் தாண்டும் இடத்தில் ஒரு பலகையைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. அதே வெள்ளை வயல்கள், அதே முள்வேலி. "இந்தப் பக்கம் நான் நோயாளி, அந்தப் பக்கம் குற்றவாளியா?" என்று வெஸ் கேட்டான். டேல் வேகத்தைக் கூட்டினார்.

மருத்துவமனையின் காத்திருக்கும் அறையில் கூட்டம் இருந்தது. எதிர் வரிசையில் ஒரு தம்பதி, நடுவில் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்ட ஒரு பிள்ளை. அவர்கள் பேச்சைக் கேட்டதும் வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. சொந்த மாநிலத்தின் தெற்குப் பக்கத்துப் பேச்சு. அந்தப் பெண்ணும் வெர்னாவின் முகத்தைச் செய்தியில் பார்த்திருக்க வேண்டும். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

வெர்னா எழுந்து போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் பெயரைச் சொன்னாள். வழக்கு முடியவில்லை, மேலே போகிறோம், எங்கள் ஒரு குடும்பத்தின் கதை போதாது என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"என் வீட்டுக்காரர் ஷெரிஃப் ஆபீஸ்ல போலீஸ் வேலை பாக்கறாருங்க" என்றாள் அந்தப் பெண். "எங்களால முடியாது. வெளிய தெரிஞ்சா வேலையே போயிடும்."

"பேரை மறைச்சுக்கலாம். கோர்ட்ல அதுக்கு இடம் இருக்கு. எங்க பையன் வேண்டாம்னான், அது எங்க இஷ்டம். நீங்க இன்னைக்கே எதுவும் சொல்ல வேண்டாம்."

உள்ளேயிருந்து செவிலியர் வெஸ் ஸ்ட்ரௌட் என்று கூப்பிட்டார். வெர்னா எழப் போனாள். வெஸ் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னான். அப்பாவை மட்டும் வரச் சொல்லிவிட்டு, தோளை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தான். கதவு மூடிக்கொண்டது.

ஷெரிஃப் ஆபீஸ்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, கோர்ட்டில் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று கேட்டார்.

"எல்லாம் கேப்பாங்க" என்றாள் வெர்னா. "சில கேள்வி நெஞ்சுல தைக்கும். பதில் தெரியலன்னா தெரியலன்னே சொல்லலாம்."

அந்தப் பெண் தன் கணவரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை வெர்னாவின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.